மெய்நிகர் நினைவகம் வேறு, ஸ்வாப் வேறு: புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறான். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"மாமா, குரோம் தானா மூடுது. எக்ஸல் திறந்தா மெமரி காணாது எண்டு சொல்லுது."

"எப்ப இருந்து?"

"வேர்ச்சுவல் மெமரியை நிப்பாட்டினதில இருந்து."

"அதை ஏன் நிப்பாட்டினனி?"

"அது ஹார்ட் டிஸ்க்கைப் பாவிக்கிறபடியால்தான் மெசின் ஸ்லோவாம். ஒரு வீடியோவில சொன்னவை."

அவன் மெய்நிகர் நினைவகத்தை, அதாவது வேர்ச்சுவல் மெமரியை, நிறுத்தவில்லை. இன்றைய விண்டோஸிலோ லினக்ஸிலோ அதை நிறுத்துவதற்கு ஒரு பொத்தானே கிடையாது. அவன் நிறுத்தியது பேஜ் ஃபைலை, அதாவது ரேமில் இடம் போதாதபோது ஒதுக்கி வைக்க விண்டோஸ் டிஸ்க்கில் வைத்திருக்கும் ஸ்வாப் இடத்தை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. அந்த அமைப்பு இருக்கும் பெட்டியின் தலையில் விண்டோஸே 'வேர்ச்சுவல் மெமரி' என்று எழுதி வைத்திருக்கிறது. பல ஆண்டுகளாக எத்தனையோ பேரைக் குழப்பிய பெயர்ப்பலகை அது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க, உங்கள் கணினியிலேயே தொட்டுப் பார்க்க, தேவைப்பட்டால் சரியாக அமைக்க இந்தக் கட்டுரை. சில இடங்களில் கட்டளைகள் வரும். அவற்றை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ரைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் ரைப் செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் மெய்நிகர் நினைவகம்

எங்கள் பக்கத்தில் விலாசம் சொல்லும் விதத்தை யோசியுங்கள். 'கோயிலடியில் இறங்கி மூன்றாவது வீடு' என்பார்கள். இணுவிலில் ஒருவர் சொன்னால் அது இணுவில் கோயிலடி. உரும்பிராயில் சொன்னால் உரும்பிராய்க் கோயிலடி. சொல் ஒன்றுதான், நிலம் வேறு. எந்த ஊருக்குள் நின்று சொல்கிறார் என்பதை வைத்துத்தான் இடம் தீர்மானமாகிறது.

கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு மென்பொருளும் இப்படி ஒரு தனி ஊர். குரோம் ஒரு ஊர், வேர்ட் ஒரு ஊர். குரோம் '5000ஆம் இலக்க முகவரி' என்று சொல்வதும் வேர்ட் '5000ஆம் இலக்க முகவரி' என்று சொல்வதும் ரேமில் ஒரே இடம் அல்ல. மென்பொருள் சொல்லும் இந்த முகவரிதான் மெய்நிகர் முகவரி. ரேம் சிப்பில் உண்மையாக இருக்கும் இடம் பௌதிக முகவரி. முன்னதைப் பின்னதாக மாற்றிக் கொடுப்பது சிபியுவுக்குள் இருக்கும் எம்எம்யு என்ற பகுதி. எந்த முகவரி எங்கே என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு பேஜ் டேபிள். ஒல்லாந்தர் காலத்தில் காணிகளைப் பதிந்து வைத்த தோம்பு போல, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தோம்பு. அதை எழுதுவதும் திருத்துவதும் இயங்குதளத்தின் வேலை. சாதாரண மென்பொருள் அதில் கை வைக்க முடியாது.

காணியைப் பரப்புக் கணக்கில் பிரிப்பது போல நினைவகமும் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டுக்குப் பெயர் பேஜ். நாங்கள் பாவிக்கும் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பேஜ் வழமையாக 4 கிலோபைட். அப்படிப் பார்த்தால் 4 ஜிபி ரேமுக்குள் 10 லட்சத்து 48 ஆயிரத்து 576 பேஜ்கள் அடங்கும்.

இவ்வளவு சொல்லியும் ஹார்ட் டிஸ்க் என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா? மெய்நிகர் நினைவகம் என்பது முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. டிஸ்க்கே இல்லாத கணினியிலும் அது வேலை செய்யும்.

அதனால் கிடைக்கும் நன்மைகளிலும் பாதிக்கு மேல் டிஸ்க்கோடு சம்பந்தமில்லாதவை. ஒரு மென்பொருள் இன்னொன்றின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியாது, அதன் தோம்பில் அந்தக் காணியே எழுதப்படவில்லை. எல்லா மென்பொருளும் பாவிக்கும் பொதுவான நூலகக் கோப்பை ரேமில் ஒரே ஒருமுறை வைத்துவிட்டு, எல்லாருடைய தோம்பிலும் அதே இடத்தைக் காட்டிவிடலாம். ரேமில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடக்கும் பேஜ்களை மென்பொருளுக்கு ஒரே நீளக் காணி போலக் காட்டலாம். இன்னொன்று, பெரிய மென்பொருள் ஒன்றைத் திறக்கும்போது அது முழுவதையும் ரேமுக்குள் கொண்டுவரத் தேவையில்லை. கை வைத்த பேஜ் மட்டும் வந்தால் போதும். கை வைத்த பேஜ் ரேமில் இல்லாவிட்டால் சிபியு நின்று இயங்குதளத்தைக் கூப்பிடும். இதற்குப் பேஜ் ஃபோல்ட் என்று பெயர். ஃபோல்ட் என்றதும் பழுது என்று நினைக்க வேண்டாம். 'இது என்னிடம் இல்லை, எடுத்துத் தா' என்ற கோரிக்கை, அவ்வளவுதான். நீங்கள் இதை வாசிக்கும் நேரத்தில் உங்கள் கணினியில் அது ஆயிரக்கணக்கில் நடந்திருக்கும்.

64 பிட் கணினிகளில் பெரும்பாலும் ஒரு மென்பொருளுக்குக் கிடைக்கும் மெய்நிகர் முகவரிப் பரப்பு 128 டெராபைட். ரேம் 4 ஜிபிதான். 128 டெராபைட்டுக்கு உறுதி எழுதிக் கொடுத்தாலும் வீடு கட்டிய துண்டுக்கு மட்டும்தான் உண்மையான நிலம் கொடுக்கப்படும். மிச்சமெல்லாம் காகிதத்தில்.

அப்புறம் ஸ்வாப்

ரேம் நிறைந்துவிட்டது, இன்னொரு மென்பொருள் இடம் கேட்கிறது. இயங்குதளம் என்ன செய்யும்? கனநேரமாய் யாரும் தொடாத பேஜ்களைத் தேடிப் பிடிக்கும். அவற்றில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகைக்கு டிஸ்க்கில் ஏற்கெனவே சொந்த வீடு இருக்கிறது. உதாரணமாக, குரோமின் நிரல், அதாவது அதன் கோட், குரோமின் கோப்பிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட பேஜை எங்கும் எழுதி வைக்கத் தேவையில்லை, ரேமிலிருந்து அப்படியே தூக்கிப் போடலாம். வேண்டுமென்றால் கோப்பிலிருந்து திரும்ப வாசிக்கலாம்.

மற்ற வகை, மென்பொருள் ஓடும்போது உண்டானவை. நீங்கள் ரைப் செய்து இன்னும் சேமிக்காத பந்தி, திறந்து வைத்த இணையப் பக்கத்தின் நிலை, கணக்குப் பார்த்த இடைநிலை விடைகள். இவற்றுக்கு ரேமைத் தவிர வேறு வீடு இல்லை. தூக்கிப் போட்டால் போனதுதான். இவற்றை ஒதுக்கி வைக்கத்தான் டிஸ்க்கில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் ஸ்வாப்.

குசினிக்குப் பின்னால் இருக்கும் களஞ்சிய அறை மாதிரி. தினமும் புழங்கும் சட்டி குசினியில் இருக்கும். பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் பெரிய பானை களஞ்சிய அறைக்குப் போகும். பானை எங்கே போனது என்பது தோம்பில் குறிக்கப்படும். கேட்டால் திரும்ப வரும்.

ஆக, மெய்நிகர் நினைவகம் ஏற்பாடு, ஸ்வாப் அந்த ஏற்பாடு பாவிக்கும் ஒரு டிஸ்க் இடம். ஸ்வாப் இல்லாமல் மெய்நிகர் நினைவகம் இருக்கலாம். விண்டோஸில் இந்த இடம் பேஜ்ஃபைல் என்ற பெயரில், சிஸ் என்ற பின்னொட்டோடு சி டிரைவில் மறைத்து வைக்கப்பட்ட ஒரு கோப்பு. லினக்ஸில் அது தனிப் பகுதியாகவும் இருக்கலாம், கோப்பாகவும் இருக்கலாம். உபுண்டு 17.04 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது பொதுவாகக் கோப்பாகத்தான் போடுகிறது.

குழப்பம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் நினைவகத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணினி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ், 1962இல் இயங்கத் தொடங்கியது. அதன் முதன்மை நினைவகம் 16,384 சொற்கள், பக்கத்தில் சுழலும் காந்த உருளை ஒன்றில் 98,304 சொற்கள். இரண்டையும் ஒரே பெரிய நினைவகம் போல நிரலாளருக்குக் காட்டுவதற்காகத்தான் பேஜ் முறையைக் கொண்டுவந்தார்கள். முகவரி மாற்றமும் டிஸ்க் இடமும் அன்றைக்கு ஒரே பிரசவத்தில் வந்த இரட்டைப் பிள்ளைகள். அதனால்தான் இன்றைக்கும் ஒன்றின் பெயரை மற்றதற்குச் சொல்கிறோம். ஸ்வாப் என்ற சொல்லுக்கும் முன்பு வேறு பொருள் இருந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆரம்பகாலத்தில் ஒரு மென்பொருளை முழுதாகத் தூக்கி டிஸ்க்கில் போட்டுவிட்டு இன்னொன்றை முழுதாகக் கொண்டுவருவார்கள், அதுதான் ஸ்வாப். 1979இல் யூனிக்ஸின் 3பிஎஸ்டி பதிப்பு பேஜ் பேஜாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. முறை மாறியது, பெயர் தங்கிவிட்டது.

எவ்வளவு மெதுவாகும்?

மருமகன் பார்த்த வீடியோவில் பாதி உண்மை இருந்தது. டிஸ்க் ரேமை விட மிக மெதுவானதுதான். ரேமில் ஒரு இடத்தைத் தொட ஏறத்தாழ 100 நனோசெக்கன் என்று வையுங்கள். எஸ்எஸ்டியில் ஏறத்தாழ 100 மைக்ரோசெக்கன். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லிசெக்கன் வரை. எண்களாய்ச் சொன்னால் மனதில் நிற்காது. ரேமுக்கு ஒரு செக்கன் என்று பெருக்கிப் பார்ப்போம். மேசையில் கிடக்கும் பேனையைக் கையில் எடுக்கும் நேரம். அந்தக் கணக்கில் எஸ்எஸ்டிக்கு 1,000 செக்கன், கிட்டத்தட்ட 17 நிமிடம், சைக்கிளில் சந்திக்கடைக்குப் போய் பேனை வாங்கி வரலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு லட்சம் செக்கன், அதாவது கிட்டத்தட்ட 28 மணித்தியாலம். கொழும்புக்கு ரயிலில் போய், இரவு தங்கி, பேனையோடு திரும்பி வரும் நேரம்.

எப்போதாவது ஒரு பேனைக்காகக் கொழும்புக்குப் போனால் பரவாயில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் போக வேண்டி வந்தால்தான் கணினி உறைந்து நிற்கும். அந்த நிலைக்கு திராஷிங் என்று பெயர். டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டு நகரும்.

விண்டோஸில் பார்ப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய் மெமரியைத் தெரிவு செய்யுங்கள். வரைபடத்துக்குக் கீழே பல எண்கள் இருக்கும்.

'இன் யூஸ்' என்பது ரேமில் உண்மையாகப் பாவனையில் இருப்பது. 'கமிட்டட்' என்ற இடத்தில் நடுவில் சாய்கோடு போட்ட இரண்டு எண்கள் இருக்கும். புதியவர்கள் பார்க்காமல் விடுவதும், அதிகம் சொல்லித் தருவதும் இதுதான். இடது எண், மென்பொருள்களுக்கு விண்டோஸ் 'தருகிறேன்' என்று வாக்குக் கொடுத்திருக்கும் மொத்த நினைவகம். வலது எண், வாக்குக் கொடுக்கக்கூடிய உச்ச எல்லை. அந்த எல்லை ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. 4 ஜிபி ரேமும் 4 ஜிபி பேஜ் ஃபைலும் இருந்தால் வலது எண் 8க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

மருமகனின் லப்டொப்பில் அந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. இரண்டுமே 4க்குள். ஆனால் ரேமில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதாக மேலே காட்டியது. 'இடம் இருக்கு, பிறகு ஏன் காணாது எண்டு சொல்லுது?' என்று அவன் கேட்டது நல்ல கேள்வி.

விண்டோஸ் கணக்குப்பிள்ளை மாதிரி. கலியாணத்துக்கு எத்தனை பேருக்கு அழைப்பிதழ் கொடுத்தோமோ அத்தனை கதிரையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும். வராதவர்களின் கதிரை வெறுமையாகக் கிடந்தாலும் புதிய ஆளுக்குக் கொடுக்காது. பேஜ் ஃபைல் இருந்தால், 'அவர்கள் வந்தால் பின் அறையில் கதிரை போடலாம்' என்ற தைரியத்தில் முன் மண்டபத்தை நிரப்பிப் பாவிக்கும். பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் அந்தத் தைரியம் போய்விடுகிறது. அதனால் ரேமில் வெறும் இடம் இருந்தும் எக்ஸலுக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டது. பேஜ் ஃபைலில் ஒரு எழுத்துக்கூட எழுதப்படாவிட்டாலும் அது இருப்பதே வேலைதான்.

லினக்ஸ் வேறு சுபாவம். எல்லாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கதிரையை விட அதிகமாக அழைப்பிதழ் கொடுத்துவிடும். எல்லாரும் உண்மையாகவே வந்து நின்றால் ஓஓஎம் கில்லர் என்ற ஒருவர் வந்து, பெரும்பாலும் அதிகம் இடம் பிடித்திருக்கும் மென்பொருளாகப் பார்த்து வெளியே தள்ளுவார். எது சரி என்று என்னைக் கேட்டால், வீட்டுக் கணினிக்கு விண்டோஸின் கஞ்சத்தனமே பரவாயில்லை என்பேன். முன்கூட்டியே 'இல்லை' என்று சொன்னால் கோப்பைச் சேமித்துவிட்டு மூடலாமே.

அதே பக்கத்தில் 'பேஜ்ட் பூல்' என்று ஒரு எண்ணும் இருக்கும். பேஜ் ஃபைலில் எவ்வளவு பாவிக்கப்பட்டது என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது விண்டோஸின் கருப்பகுதி தனக்கென்று வைத்திருக்கும் நினைவகம். நானும் ஆரம்பத்தில் மாதக்கணக்காய் அதைத் தவறாக வாசித்தேன்.

பேஜ் ஃபைலைச் சரியான நிலைக்குக் கொண்டுவர: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் எஸ், ஒய், எஸ், டி, எம், புள்ளி, சி, பி, எல் என்று ரைப் செய்து என்ரர் கொடுங்கள். அட்வான்ஸ்ட் பக்கத்தில் பெர்ஃபோமன்ஸ் பகுதியின் செட்டிங்ஸ், அதற்குள் மீண்டும் அட்வான்ஸ்ட், அதில் நான் சொன்ன அந்த 'வேர்ச்சுவல் மெமரி' பெயர்ப்பலகை, பக்கத்தில் சேஞ்ச். உள்ளே மேலே ஒரு சரிக்குறிப் பெட்டி இருக்கும்: எல்லா டிரைவுகளுக்கும் பேஜ் ஃபைல் அளவை விண்டோஸே தானாக நிர்வகிக்கட்டும் என்று அர்த்தம். அதில் சரிக்குறி போட்டு, ஓகே கொடுத்து, கணினியை மறுபடி தொடக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. அளவைக் கையால் போட்டுக் கணினி வேகமானதாக நான் கண்டதில்லை. சி டிரைவ் நிரம்பி வழியும் கணினியில் பேஜ் ஃபைல் வளர இடமில்லாமல் போகும், அப்போது முதலில் துப்புரவு செய்ய வேண்டியது டவுன்லோட்ஸ் கோப்புறையை.

பேஜ் ஃபைலே இல்லாமல் விட்டால் இன்னொரு நட்டம். விண்டோஸ் நீலத் திரையோடு விழும்போது காரணத்தைப் பதிந்து வைக்க வழக்கமாகப் பேஜ் ஃபைலைத்தான் பாவிக்கிறது. அது இல்லாவிட்டால் திருத்துபவருக்குத் தடயம் கிடைப்பது கஷ்டம்.

லினக்ஸில் ஒரு பரிசோதனை

இரண்டும் வேறு என்பதைக் கண்ணால் பார்க்க லினக்ஸ்தான் வசதி. தேவையில்லாத மென்பொருள்களை மூடிவிட்டு, டெர்மினலைத் திறந்து, டி, ஓ, பி சேர்ந்த டொப் என்று ரைப் செய்யுங்கள். ஓடும் மென்பொருள்களின் பட்டியல் வரும். அதில் விர்ட், ரெஸ் என்று இரண்டு நிரல்கள், அதாவது மேலிருந்து கீழான எண் வரிசைகள். விர்ட் என்பது அந்த மென்பொருளின் தோம்பில் எழுதப்பட்ட மொத்தக் காணி. ரெஸ் என்பது இந்த நிமிடம் ரேமில் உண்மையாக உட்கார்ந்திருப்பது. குரோமில் விர்ட் எண் டெராபைட் கணக்கில் தெரிந்தாலும் திடுக்கிட வேண்டாம், காகிதக் காணிதான். கணினி எதில் மூச்சு முட்டுகிறது என்று பார்க்க ரெஸ் நிரலைப் பாருங்கள். கியூ எழுத்தை அழுத்தினால் பட்டியல் மூடும்.

அடுத்து ஃப்ரீ என்ற கட்டளை, ஒரு இடைவெளி, கழித்தல் குறி, எச். மெம் என்ற வரி ரேம், ஸ்வாப் என்ற வரி ஸ்வாப். மெம் வரியில் 'ஃப்ரீ' மிகக் குறைவாக இருந்தாலும் கவலைப்படாதீர்கள், 'அவைலபிள்' என்ற நிரலைத்தான் பார்க்க வேண்டும். மிச்ச ரேமைக் கோப்புகளின் நகலுக்கு லினக்ஸ் பாவித்திருக்கும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும்.

இனி ஸ்வாப்பை நிறுத்துவோம். அவைலபிள் எண் ஸ்வாப்பில் பாவிக்கப்பட்ட எண்ணை விடத் தாராளமாகப் பெரிதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சுடோ, இடைவெளி, ஸ்வாப்ஆஃப், இடைவெளி, கழித்தல் குறி, ஏ. சுடோ (எஸ், யு, டி, ஓ) என்பது நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று சொல்வது, ஸ்வாப்ஆஃப் என்பது இடைவெளி இல்லாமல் ஒரே சொல். மறுபடி ஃப்ரீ கட்டளையைக் கொடுத்தால் ஸ்வாப் வரியில் பூச்சியம். இப்போது டொப்பைத் திறந்து பாருங்கள். விர்ட் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஸ்வாப் போய்விட்டது, மெய்நிகர் நினைவகம் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை செய்து பார்த்தால் விடைத்தாளில் இரண்டையும் ஒன்றாக எழுத மாட்டார்கள். பார்த்து முடிந்ததும் ஸ்வாப்ஆஃப் இருந்த இடத்தில் ஸ்வாப்ஆன் என்று போட்டு அதே கட்டளையைக் கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

ஸ்வாப் இல்லாத லினக்ஸ் டிஸ்க்கைத் தொடாது என்றும் நினைக்கக் கூடாது. ரேம் நெருக்கும்போது, டிஸ்க்கில் சொந்த வீடு இருக்கும் பேஜ்களைத்தான், மென்பொருளின் நிரலைக்கூட, தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஸ்வாப்பை எடுத்துவிட்டும் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது அதனால்தான்.

ஸ்வாப் கோப்பு ஒன்றைப் புதிதாகச் சேர்க்க

முதலில் ஸ்வாப்ஆன், இடைவெளி, இரண்டு கழித்தல் குறிகள், அவற்றோடு ஒட்டி ஷோ. ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று காட்டும். போதுமான அளவு இருந்தால் இத்தோடு நிறுத்தலாம். குறைவாக இருந்தால் 2 ஜிபி கோப்பு ஒன்றைச் சேர்ப்போம். பெயர் ஸ்வாப்2 என்று வைப்போம். இருக்கும் கோப்பின் பெயரையே வைத்துவிடாதீர்கள். கீழே கட்டளைகளில் காற்புள்ளி வரும் இடத்தில் ஒரு இடைவெளி விடுங்கள்.

1. சுடோ, பின் எஃப் எழுத்தோடு அலொகேட் என்ற சொல்லைச் சேர்த்து எழுதும் கட்டளை, பின் கழித்தல் குறியோடு சின்ன எல், பின் 2 என்ற இலக்கத்தோடு பெரிய ஜி, பின் முன்னால் வலப்பக்கம் சாய்ந்த சாய்கோடு ஒட்டிய ஸ்வாப்2. டிஸ்க்கில் இடம் ஒதுங்கும்.

2. சுடோ, சி எச் எம் ஓ டி ஐந்தும் சேர்ந்த ஒரே சொல், 600, சாய்கோட்டோடு ஸ்வாப்2. இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்வாப்புக்குள் போவது உங்கள் ரேமில் இருந்தவை, அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம். நிர்வாகியைத் தவிர வேறு எவரும் அந்தக் கோப்பை வாசிக்காமல் இருக்கத்தான் இந்த 600.

3. சுடோ, எம் கே ஸ்வாப் மூன்றும் சேர்ந்த ஒரே சொல், சாய்கோட்டோடு ஸ்வாப்2. வெறும் கோப்பு ஸ்வாப் ஆக வடிவமைக்கப்படும்.

4. சுடோ, ஸ்வாப்ஆன், சாய்கோட்டோடு ஸ்வாப்2. இந்த நொடியிலிருந்து பாவனைக்கு வரும்.

கணினியை அணைத்துப் போட்டால் இது மறந்துபோகும். நிலையாக இருக்க ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் எஃப்எஸ்டாப் (எஃப், எஸ், டி, ஏ, பி) கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: சாய்கோட்டோடு ஸ்வாப்2, நன் (என், ஓ, என், ஈ), ஸ்வாப், எஸ்டபிள்யூ, 0, 0. ஆறு துண்டுகள், இடையிடையே இடைவெளி. தொடுவதற்கு முன் அந்தக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். இதில் ஒரு எழுத்துப் பிசகினால் கணினி தொடங்கும்போதே மல்லுக்கு நிற்கக்கூடும். நான் சொன்ன வழி உபுண்டு வழமையாகப் பாவிக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைக்கு. பிடிஆர்எஃப்எஸ் பாவிப்பவர்களுக்கு முறை வேறு.

எவ்வளவு வேண்டும்?

'ரேமைப் போல் இரண்டு மடங்கு' என்று பழைய புத்தகங்களில் இருக்கும். ரேம் மெகாபைட் கணக்கில் இருந்த காலத்து விதி அது. 4 ஜிபி ரேம் இருந்தால் 4 ஜிபி ஸ்வாப், 8 ஜிபி இருந்தால் 2 முதல் 4, 16க்கு மேல் 2 போதும் என்பது என் வழக்கம். சட்டமில்லை. லினக்ஸில் ஹைபர்னேட், அதாவது வேலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி, பாவிப்பவர்கள் மட்டும் ரேமின் அளவுக்குக் குறையாமல் வைப்பது நல்லது, ஏனென்றால் ரேமில் இருப்பது ஸ்வாப்புக்குள்தான் எழுதப்படும். விண்டோஸில் அதற்குத் தனிக் கோப்பு உண்டு. 2022இல் மணிக்கணக்காய்க் கரண்ட் போன நாட்களில், பற்றரி தீர முன் ஹைபர்னேட் செய்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்வாப்பில் கொஞ்சம் பாவிக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். பொங்கல் பானை களஞ்சிய அறையில் இருப்பது குற்றமில்லை. போவதும் வருவதும் விடாமல் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. லினக்ஸில் விஎம்ஸ்டாட் (வி, எம், எஸ், டி, ஏ, டி), இடைவெளி, 1 என்று கொடுங்கள். செக்கனுக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது கணினி தொடங்கியதிலிருந்து உள்ள சராசரி. எஸ்ஐ என்பது ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது, எஸ்ஓ என்பது ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது. இரண்டும் பூச்சியத்தில் நின்றால் எல்லாம் சுகம். நிமிடக்கணக்காய்ப் பெரிய எண்களாக ஓடினால் ஸ்வாப்பைக் கூட்டியோ குறைத்தோ பலன் இல்லை, ரேம்தான் போதாது. விண்டோஸில் ரிசோர்ஸ் மொனிட்டரின் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபோல்ட்ஸ் வரைபடம் ஏறக்குறைய இதையே காட்டும்.

போன் கடையில் '8+8'

புதுப் போன் பெட்டிகளில் 8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி 'வேர்ச்சுவல் ரேம்' சேர்த்து 16 என்று போடுகிறார்கள். அந்த இரண்டாவது 8, போனின் சேமிப்பிலிருந்து வெட்டி எடுத்த ஸ்வாப் இடம். போனில் அது ரேம் ஆகாது. பின்னணியில் கிடக்கும் ஒன்றிரண்டு செயலிகள் மூடாமல் இருக்க உதவலாம், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் இதற்கு முன்பிருந்தே இசட்ரேம் என்று ஒன்று உண்டு: பேஜ்களைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் ஸ்வாப். டிஸ்க்கில் இல்லாத ஸ்வாப்பும் இருக்கிறது பாருங்கள். விலையை ஒப்பிடும்போது கூட்டல் குறிக்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

மருமகனின் லப்டொப்பில் அந்தச் சரிக்குறியைப் போட்டு மறுபடி தொடக்கியதும் கமிட்டட் எல்லை ஏறியது, எக்ஸலின் முறைப்பாடும் நின்றது. ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால் குரோமில் பத்துப் பக்கம் திறந்தால் இன்னமும் இழுபடத்தான் செய்தது. பின் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ரேம் போடும் இரண்டு குழிகளில் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. இருந்த ரேமின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து, அதே வகை இன்னொன்று கிடைக்குமா என்று விசாரிக்க அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போனான்.